மத்திகிரியில் வியட்நாம் சாண்ட்விச்

இன்று ஷிப்ட் முடிந்து வரும்போது மத்திகிரியில் ஒரு புது போர்டு: 'வியட்நாம் சாண்ட்விச் 60 ரூபாய்.' பெங்களூரில் இதற்குக் கொள்ளை விலை. உள்ளே போய்விட்டேன்.

கடைக்காரர் சலீம் பாய் நீளமான பன்னைப் பிளந்து, வினிகரில் ஊறிய கேரட், முள்ளங்கி, சிக்கன், கொத்தமல்லி எல்லாம் திணித்துத் தந்தார். நல்ல ருசி.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞர், "எங்க பாய் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"வியட்நாம்ல கம்ப்யூட்டர் வேலைன்னு ஏஜென்ட் அனுப்புனான். பார்டர் தாண்டிக் கொண்டுபோயி ஒரு கட்டடத்துல அடைச்சுட்டாங்க. போன்ல ஜனங்கள ஏமாத்தணும். மாட்டேன்னா கரண்ட் ஷாக். அங்க சமையல் பண்ண வியட்நாம்காரம்மா சொல்லிக் குடுத்தது இது."

சட்டைக் கையை ஏற்றித் தழும்புகளைக் காட்டினார். நான் மீதியைத் தாளில் சுற்றி வைத்தேன்.

இளைஞர் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் அதே மாதிரி வேலைக்கு வியட்நாம் டிக்கெட் வந்திருக்கு பாய். ஞாயித்துக்கிழமை."

"போவாதப்பா."

"என் ஏஜென்ட் சொந்தக்காரரு பாய்."

"என்னை அனுப்புனதும் என் மச்சான்தான்."

"கம்பெனில கான்ட்ராக்ட் ஆளுங்கள நிறுத்திட்டாங்க. இங்கயே இருந்து நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

பாய் இன்னொரு பன்னை எடுத்துப் பிளந்தார். இளைஞர் அம்மாவுக்கு ஒன்று பார்சல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அவரைத் தடுக்க வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். 'பத்திரமா போயிட்டு வா' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை நானே சொல்லித் தொலைத்துவிட்டேன்.