இடுப்பில் கட்டிய கொடுவா

கொடுவா மீனைக் கரைக்கு இழுத்துப் போட்ட பிறகும் நம்பக் கூடாது. செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். தலையை ஒரு உதறு உதறினால் விரல் கிழியும். என் கணவரின் வலது கையில் அப்படிக் கிழிந்த தழும்பு இருக்கிறது. ஆனால் மீன் மார்க்கெட்டில் நான் இன்றும் கொடுவா பக்கம் போகாததற்கு அந்தத் தழும்பு காரணமில்லை. முட்டுக்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் காரணம்.

அவர் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தார். சின்ன வயதிலிருந்தே தூண்டில் பைத்தியம். கல்யாணமான புதிதில் ஞாயிறு விடிந்தால் முடிச்சூர் பக்கத்து ஏரியில் இருப்பார். ஜிலேபி, கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். பிறகு ஏரியைச் சுற்றி பிளாட் போட ஆரம்பித்தார்கள். தண்ணீர் கறுத்தது. பிடித்து வந்த மீனைக் குழம்பு வைத்தால் சாக்கடை வாடை அடித்தது. அந்தச் சமயத்தில் கடைக்கு வந்த யாரோ, முட்டுக்காட்டில் உப்பங்கழி கடலில் சேருகிற இடத்தில் கொடுவா கிடைக்கிறது, ஒவ்வொன்றும் கை நீளம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றோடு ஏரி மறந்தது.

பிள்ளைகளைக் கூடுவாஞ்சேரியில் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, வண்டலூர் வந்து, கேளம்பாக்கம் வழியாக பைக்கில் போவோம். தனியாகப் போனால் போர் அடிக்கிறது என்பார். பையையும் சட்டையையும் செல்போனையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். போக மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வராது. நான் பேசத் தெரியாதவள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட, நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.

கடல் என்றால் எனக்கு அப்போது பயம். சுனாமி வந்து இரண்டொரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதை நான் டிவியில்தான் பார்த்தேன். ஆனாலும் முட்டுக்காட்டு மணலில் உட்கார்ந்தால் அலை ஒவ்வொன்றும் எழும்போது, இது நின்றுவிடுமா, இன்னும் உயருமா என்று பார்ப்பேன். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஓடுவதற்கு எந்தப் பக்கம் மேடு என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வேன். அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

முகத்துவாரத்தின் நடுவில் ஒரு மணல் திட்டு உண்டு. தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் அதற்கு நடந்தே போகலாம். கரைக்கும் திட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி ஓடும், முழங்கால் அளவுதான். திட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஆழம். அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று, உயிர் இறாலைக் கோர்த்துத் தூண்டில் வீசுவார்.

பிடித்த மீனை என்ன செய்வது என்பதில் அவருக்கு ஏரிப் பழக்கம் அப்படியே இருந்தது. ஏரியில் மீனைக் கரையில் போட்டால் நாய் தூக்கும், வெயிலில் கெடும். அதனால் செவுள் வழியாக நைலான் கயிற்றை விட்டுக் கோர்த்து, கயிற்றின் மறு நுனியை இடுப்பில் இருக்கும் அரைஞாணில் முடிந்துகொள்வார்கள். மீன் உயிரோடு பின்னாலேயே நீந்திக்கொண்டிருக்கும். ஏரித் தண்ணீர் எங்கும் போகாது. விராலும் சும்மா கிடக்கும். அங்கே தூண்டில் போடுகிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இவரும் முட்டுக்காட்டில் அதையே செய்தார்.

அன்றைக்கு முதலில் ஒரு சின்னக் கொடுவா. அதைக் கோர்த்துக் கட்டியதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தூண்டில் வளைந்தது. தண்ணீருக்கு மேலே வெள்ளையாக ஒன்று எழுந்து, தலையை உதறிவிட்டு விழுந்தது. அவர் நிறைய நேரம் போராடினார். கடைசியில் இரண்டு கைகளாலும் தூக்கி எனக்குக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் பல் தெரிந்தது. அதையும் கோர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடி தூண்டிலை வீசினார்.

என் செருப்பு நகர்ந்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன். தண்ணீருக்கு எட்டாத இடத்தில் கழற்றி வைத்திருந்தேன். ஒரு செருப்பு மெல்ல மிதந்து, நான் உட்கார்ந்திருந்த பக்கமாக வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் இருந்த வாய்க்கால் அகலமாகியிருந்தது. தண்ணீர் கடலிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு ஓடியது. திட்டு பாதியாகிவிட்டிருந்தது. அவர் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்.

நான் எழுந்து கையை ஆட்டினேன். "ஏங்க" என்றேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கம் இல்லை. அலைச் சத்தத்தில் அந்த "ஏங்க" எனக்கே கேட்கவில்லை.  மறுபடியும் மறுபடியும் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அவராகத்தான் திரும்பினார். பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும். தூண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வாய்க்காலில் இறங்கினார். தொடை வரை, பிறகு இடுப்பு வரை. பாதி தூரம் வந்தவர் சட்டென்று நின்றார். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஒரு கையைப் பின்னால் கொண்டுபோனார். தூண்டிலை விட்டுவிட்டு இன்னொரு கையையும் கொண்டுபோனார். அந்தத் தூண்டிலை அவர் விட்டதைப் பார்த்ததும்தான் எனக்கு விபரீதம் புரிந்தது.

அந்த இடத்தில் முன்பு யாரோ வலை கட்ட அடித்து, பிறகு முறிந்துபோன கம்பு ஒன்று தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. ஓடுகிற தண்ணீர் மீன்களை இழுத்துக்கொண்டு போக, பெரிய கொடுவா அந்தக் கம்பைச் சுற்றி வந்துவிட்டது. கயிறு கம்பில் மாட்டி இறுகிவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, அவர் நடக்கவில்லை, தண்ணீர் ஏறுகிறது என்பது மட்டும்தான்.

கரையில் கொஞ்சம் தள்ளி ஒரு ஃபைபர் போட்டில் ஒருவர் தேங்கியிருந்த தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். வயதில் என் அண்ணன் மாதிரி இருப்பார். வேறு யாரும் கண்ணில் படவில்லை. பையோடு அவரிடம் ஓடினேன். ஓடிப் போய் நின்றேனே தவிர, பேச்சு வரவில்லை. கையை நீட்டிக் காட்டினேன்.

"இன்னாம்மா? அந்தாளு உன் வூட்டுக்காரரா? தண்ணி ஏறுது, இன்னாத்துக்கு அங்க நின்னுகினு கீறாரு?"

"வர முடியல அண்ணா. கட்டியிருக்கு."

"இன்னா கட்டிகீது?"

"மீன். இடுப்புல."

 அவர் வாளியைப் போட்டுவிட்டுப் போட்டின் கயிற்றை அவிழ்த்தார். என்னை ஏறச் சொன்னார். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன்.

"நீஞ்சச் சொல்லலம்மா. நான் தள்ளுற கோலை வுட்டா போட்டைத் தண்ணி அடிச்சுகினு போய்டும். அறுக்க ஒரு ஆளு வோணும். கத்தி கீதா?"

செத்துப்போன இறாலை நறுக்க வைத்திருந்த கத்தி பையில் என்னிடம்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏறினேன். எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து போட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அடியில் மீன் செதிலும் தண்ணீரும். போட் ஒவ்வொரு பக்கம் சாயும்போதும் என் பல் கடித்துக்கொண்டது. படகுக்காரர் நீளமான கோலை ஊன்றி ஊன்றித் தள்ளினார். தண்ணீர் எங்களை உள்பக்கமாக அடித்துக்கொண்டு போகப் பார்த்தது. அவர் போட்டைக் கடல் பக்கமாகச் சாய்த்தே கொண்டுபோனார். என் கணவரின் தலை பெரிதாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் அவர் மார்பைத் தாண்டியிருந்தது. கயிறு கீழே இழுக்க, தண்ணீர் மேலே தள்ள, ஒவ்வொரு அலைக்கும் வாய் மூழ்கி எழுந்தார்.

போட் பக்கத்தில் போனதும் அவர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். படகுக்காரர் கோலை ஊன்றி, தன் உடம்பு முழுவதையும் அதில் சாய்த்து நின்றார். நான் குனிந்து, என் கணவரின் முதுகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் கையை விட்டேன். முடிச்சு கல் மாதிரி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நைலான் கயிறு கம்பி போல விறைத்திருந்தது. கத்தியை வைத்து இழுத்தேன். இறால் வழவழப்பில் கத்தி நழுவியது. மறுபடி இழுத்தேன். என் விரலில்தான் பட்டது. அரைஞாண் மட்டும் விரலுக்கு நன்றாகக் கிடைத்தது. அதன் அடியில் கத்தியை நுழைத்தேன்.

"அது வேணாம்" என்றார் என் கணவர். வாயில் தண்ணீர். "கயிற அறு. அரைஞாண அறுக்காத."

என் கை நின்றுவிட்டது.

எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளை இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. அரைஞாண் நைந்துபோனால், புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்பார்கள். குளிக்கும்போதும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். புதியது கட்டாமல் அறுப்பது ஒரே ஒரு சமயத்தில். என் அப்பா இறந்து, அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது பெரியப்பா கத்தியால் அறுத்தார். கதவோரம் நின்று அதைப் பார்த்தேன். அந்தச் சின்னச் சத்தம்கூட எனக்குக் கேட்டது. இப்போது அதே மாதிரி ஒரு கறுப்புக் கயிற்றின் அடியில் என் கத்தி இருந்தது. நான் அறுத்தால் என் கையாலேயே அவரை அப்படி ஆக்கிவிடுவேன் என்று தோன்றியது. அறுக்காவிட்டாலும் அதுதான் நடக்கப் போகிறது என்பது கண்ணுக்கு எதிரே தெரிந்தது. இரண்டு பயமும் ஒரே நேரத்தில் இருந்தன. எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை.

"யம்மா, கோலு மணல்ல நிக்கல" என்றார் படகுக்காரர். "கைக்கு எது வருதோ அத அறு."

ஓர் அலை வந்து என் கணவரின் முகத்தை மூடியது. அது இறங்கி முகம் வெளியே வரும் வரை நான் காத்திருக்கவில்லை. அறுத்தேன்.

கயிறு விட்டதும் தண்ணீர் எங்கள் எல்லோரையும் ஒன்றாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனது. அவர் போட்டின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு வந்தார். அவர் மணிக்கட்டை நான் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். கத்தி எங்கே போனதோ தெரியாது. உள்ளே, ரோட்டுப் பாலத்துப் பக்கம் தண்ணீர் கொஞ்சம் அடங்கிய இடத்தில் படகுக்காரர் கரையேற்றினார்.

என் கணவர் மணலில் முட்டி போட்டு உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தார். இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. சில இடங்களில் ரத்தம். கயிறு இல்லை. அந்த வெறும் இடுப்பை என்னால் பார்க்க முடியவில்லை. என் விரலிலிருந்தும் ரத்தம் சொட்டியது. சேலைக் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். ஈரத்தில் லேசில் கிழியவில்லை. நீளமாக ஒரு துண்டு வந்ததும் அவர் பின்னால் மண்டியிட்டு இடுப்பில் சுற்றிக் கட்டினேன். வெட்டவெளியில், வேற்று ஆண் ஒருவர் நிற்க, கணவரை அப்படித் தொட்டவள் இல்லை நான். படகுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவரிடம் என் கணவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஒடம்புல எதையும் கட்டிகினு இந்தத் தண்ணில எறங்காத சார். மீனு போனா போவுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டுக்குப் போய்ச் சூடாக டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

வழியெல்லாம் பைக்கை அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனாலும் எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. அறுத்த கையோடு வந்திருக்கிறேன், சேலைக் கிழிசலுக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. அரைஞாண் வாங்கலாமென்று நிறுத்தினால், கேளம்பாக்கத்தில் ஞாயிறு மத்தியானம் என்று கடை மூடியிருந்தது. வண்டலூரில் கேட்ட கடையில் இல்லை. நான் அவர் இடுப்பில் கை போட்டு அந்தத் துணியைப் பிடித்தபடியே வந்தேன்.  தாம்பரம் மார்க்கெட்டில்தான் கறுப்பு அரைஞாண் கிடைத்தது. இறங்கி, கடையில் நானே கேட்டு வாங்கினேன். தடிமனானதாகக் கேட்டேன்.

கூடுவாஞ்சேரிக்குப் பிள்ளைகளைக் கூப்பிடப் போக நேரமாகியிருந்தது. முதலில் வீட்டுக்குப் போகலாம் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, சேலைத் துண்டுக்கு மேலேயே புதுக் கயிற்றைச் சுற்றினேன். காயத்தில் பட்டு அவர் நெளிந்தார். முடி போட்டேன். இழுத்துப் பார்த்தேன். மேலே இன்னொரு முடி போட்டேன்.

"போதும்டி, வலிக்குது" என்றார்.

மூன்றாவது முடியும் போட்ட பிறகுதான் அடியிலிருந்த சேலைத் துண்டை அவிழ்த்தேன். ஈரத்தில் இறுகியிருந்ததால் அது லேசில் அவிழவில்லை. அவர் அசையாமல் நின்றார். எல்லாம் முடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் காத்திருப்பார்கள், வா என்று மட்டும் சொன்னார்.