சீலைக் கேட்டால் பம்பைச் சொல்லுமா?

அம்மா தாட்சாயிணி எட்டாவது வரை படித்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் செய்யும் ஒரு பட்டறையில் இரும்புத்தூள் பெருக்கச் சேர்ந்தார். பிறகு பத்தொன்பது வருடம் அங்கே உதிரிபாகமும் கையுறையும் கொடுக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். கள்ளிக்குப்பத்திலிருந்து நடந்தே போவார். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை கையுறை கேட்டு வருகிறவரிடம், "இன்னா, மூணாவது கை மொளச்சிகீதா?" என்பார்.

ஸ்டோரில், தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் முதல் போல்ட் வரை ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அட்டை. ஒரே தடவையில் வந்த சரக்குக்கு ஒரு லாட் எண். எந்த லாட் எந்தெந்த பம்புக்குப் போனது என்று அதில் எழுதியிருக்கும்.

அதற்குப் பதிலாக மென்பொருள் எழுத முதலாளி லட்சுமணன் என்னைக் கூப்பிட்டார். நான் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பம்ப், அதற்குள் அதன் எல்லாப் பாகங்களும். முழுதாகச் சேமிக்கலாம், முழுதாக எடுக்கலாம். வழக்கமான ரிலேஷனல் டேட்டாபேஸ் என்றால் பம்புக்கு ஓர் அட்டவணை, பாகத்துக்கு ஒன்று, இரண்டையும் இணைக்க இன்னொன்று. அது பழசு என்று நினைத்தேன். திரையில் பம்பைத் தொட்டதும் மொத்தமும் விரிவதை முதலாளி பார்த்து வியக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

அம்மா ஒன்றுதான் கேட்டார். "பம்ப கேட்டா சீலு சொல்லுது. சீல கேட்டா பம்ப சொல்லுமா?"

"அப்படி யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

அட்டைகளைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னதும் நான்தான். அதன்பின் அம்மா எல்லாவற்றையும் திரையில்தான் பதிந்தார்.

ஏழாவது மாதம், சீல் அனுப்பும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு லாட் முழுவதும் கோளாறு. அதை எந்தெந்த பம்பில் போட்டோம்? பாகத்தின் வழியாகத் தேட என் மென்பொருளில் வழி இல்லை. நாலாயிரம் பம்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு பம்புக்குள்ளும் லாட் எண் ஒவ்வொரு விதமாகத் தட்டச்சாகியிருந்தது. பாதி பம்புகளில் அந்த எண்ணே இல்லை. என் படிவம் அதைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. கடைசியில் அந்த வருடம் அனுப்பிய அத்தனை பம்புகளையும் திரும்ப வரவழைத்தார்கள்.

லட்சுமணன் எங்கள் இருவரையும் பட்டறை நடுவில் நிற்க வைத்தார். "சாப்ட்வேர் தப்பா, என்ட்ரி தப்பா?"

நான் வாய் திறக்கவில்லை.

"என்ட்ரிதான் சார். நான்தான் சரியா போடல," என்றார் அம்மா.

அவரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வீட்டில் அவர் இதைப் பேசவே இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இந்த ஆடியில் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அந்தப் பட்டறையில் அம்மாவின் பெயர் அப்படியே நிற்கக் கூடாது. காரியம் முடிந்த மறுநாள் போனேன். பேக்கிங் பெண்களுக்கும் கேட்கும்படி லட்சுமணனிடம் சொன்னேன். "என்ட்ரி தப்பு இல்ல சார். நான் தேர்ந்தெடுத்த டேட்டாபேஸ்தான் தப்பு. அம்மா முன்னாடியே கேட்டாங்க."

"போனவங்கள பத்தி இப்ப எதுக்கும்மா?" என்று அவர் போனை எடுத்துக்கொண்டார்.

அம்மாவோடு பேக்கிங்கில் இருந்த அஞ்சலை அக்கா, டேப்பைக் கிழித்துக்கொண்டே சொன்னார். "எங்களுக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு."

"அம்மா சொன்னாங்களா?"

"அது எங்க சொல்லுச்சு? ஒன் மூஞ்சி சொல்லுச்சு. நாங்க கேட்டதுக்கு, எம்பொண்ணு இப்பத்தான் வேல கத்துகினு கீது, கம்முனு இருங்கடின்னுச்சு."

எனக்கு அப்போது எட்டு வருட அனுபவம்.