கணக்கில் சேராத புகை

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒரு பெட்டி ஃபேனில் ஃபில்டர்களை டேப் போட்டு ஒட்டியது. ஆகஸ்ட் மாதம். மலை முகட்டுக்கு அப்பால் காடு எரிந்துகொண்டிருந்தது. ஃபில்டர்கள்தான் நான்கு சுவர். அடியில் அட்டை, மேலே ஃபேன். எங்கள் லாரிமர் பள்ளத்தாக்கில் அறைப் புகையை வடிகட்டும் இந்தப் பெட்டி இல்லாத வீடு கிடையாது.

“அம்புக்குறி உள்பக்கம் பாக்குதா, டெல்லா?”

“பாக்குதுப்பா.”

“போன வருஷம் ஒண்ணைத் திருப்பி ஒட்டினது யாரு? படிச்ச இன்ஜினியரு.”

“பிடிச்சிட்டு நின்னது நீங்க.”

சிரித்தார், இருமினார். சிரிப்பு முடிந்த பிறகும் இருமல் நிற்கவில்லை.

பெட்டி எங்களுக்கு அல்ல, மார்வாவுக்கு. மேட்டு வளைவில் தனியாக இருப்பவள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடுதான் சமைப்பாள், தூங்குவாள், அப்பாவைத் திட்டுவாள். அவளுடைய வீட்டுக்கு மேலே சரிவில் இருந்த கிளைக் குவியல்களைப் பற்றித்தான் அந்தத் திட்டு.

அப்பா, ஓரின் டாக்கெட், பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இந்தப் பள்ளத்தாக்குக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே சாலை. அதன் ஒவ்வொரு வளைவும் அவருக்குக் கையில் இருந்தது. பல வருடங்களுக்கு முன், முகட்டுக்கு மறுபக்கத்து ஊரில் தீ வந்தபோது, ஆட்களை ஏற்றிவரக் காலிப் பேருந்தோடு அவரை அனுப்பினார்கள். பாதி வழியில் போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. அங்கும் ஒரே சாலைதான். என்ன பார்த்தார் என்று அவர் சொன்னதில்லை. வெயில் காலம் வந்தால் இங்கே எல்லோரும் காரைச் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவார்கள், சாவியை வண்டியிலேயே விடுவார்கள். அப்பா பனி பெய்யும்போதும் அப்படித்தான் நிறுத்தினார்.

ஓய்வு பெற்றதும் ரம்பம் எடுத்துக்கொண்டு சரிவுகளில் ஏறினார். தாழ்ந்த கிளைகள், காய்ந்த கன்றுகள், புதர் எல்லாவற்றையும் வெட்டிக் குவித்து, நடுப்பகுதி நனையாமல் மெழுகுத்தாள் போட்டு மூடுவார். குளிர்காலத்தில், சுற்றிலும் ஈரமாக இருக்கும்போது, அந்தக் குவியல்களைக் கொளுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடையில் அவையே தீக்குத் தீனி. வெட்டிவைத்துக் கொளுத்தாமல் விடுவது வெட்டாமல் விடுவதைவிட மோசம்.

கொளுத்த அனுமதி வேண்டும். தினமும் காலையில் காற்றுத்தர அலுவலகத்தின் எண்ணுக்கு அழைத்தால், இன்று எரிக்கலாமா கூடாதா என்று பதிவுக் குரல் சொல்லும். அப்பா காபி போடும் முன் அந்த எண்ணை அழைப்பார். இரண்டு குளிர்காலங்கள் அழைத்தார். காற்றில்லாத நாளில் புகை பள்ளத்தாக்கிலேயே தங்கும் என்பதால் கூடாது. புகையை அடித்துச் செல்லும் அளவுக்குக் காற்று இருந்தால் தீ பரவும் என்பதால் கூடாது. இடைப்பட்ட நாட்கள் சில வந்தன. அவற்றை ஊருக்கு அருகில் இருந்த சரிவுகளுக்குக் கொடுத்தார்கள்.

அலுவலகத்தில் இருந்த டெரில் சிறுவயதில் அப்பாவின் பேருந்தில் போனவன். கெட்டவன் இல்லை. விறகடுப்புப் புகையால் ஊரின் காற்று ஏற்கெனவே வரம்பை ஒட்டி இருந்தது. அப்பா கொளுத்தினால் அந்தப் புகை கணக்கில் ஏறும். வரம்பு தாண்டினால் மாவட்டத்தின் மேல் நடவடிக்கை வரும். காட்டுத்தீயின் புகைக்கு அப்படி இல்லை. அது மனிதன் கட்டுப்படுத்த முடியாத நிகழ்வு என்று ஆவணங்களோடு காட்டினால், அந்த நாட்களை வரம்புக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவார்கள். அளவீடு அழிவதில்லை, பதிவில் இருக்கும். கணக்கில் மட்டும் வராது. திட்டமிட்டு வைக்கும் தீக்கும் அந்த விலக்கைக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதை நிரூபிக்க மாதக்கணக்கில் வேலை. டெரிலின் அலுவலகத்தில் ஆள் இல்லை. நானும் அளவீட்டுக் கருவிகளோடு வேலை செய்பவள்தான். இந்த விதிக்கு என்ன காரணம் என்று எனக்குப் புரியும்.

ஆகஸ்டில் முகடு புகையில் மறைந்தது. தெருவில் எதிர் வீடு தெரியவில்லை. மதியமே விளக்குப் போட்டோம். அப்பா டெரிலை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“இந்தப் புகை எவ்வளவு உன் கணக்குல ஏறும்?”

“ஒண்ணும் ஏறாது, டாக்கெட் சார்.”

“நான் ஜனவரியில கேட்டது?”

“அது ஏறியிருக்கும். ஜன்னலைச் சாத்திட்டு உள்ள இருங்க சார்” என்றான்.

“மூணாங்கிளாஸ்ல பஸ்ல வாந்தி எடுத்துட்டு நீயும் இப்படித்தான் எனக்கு யோசனை சொன்னே.”

பெட்டியை மார்வாவின் வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். கிளம்பத் தயாராக இருங்கள் என்றுதான் அறிவிப்பு வந்திருந்தது, கிளம்புங்கள் என்று வரவில்லை. அவளுடைய பை வாசலில் இருந்தது. அப்பா சரிவையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள்.

“ரெண்டு வருஷமா என் தலைக்கு மேல விறகு அடுக்கி வச்சிருக்கே, ஓரின். சூனியக்காரி எவளையாவது எரிக்கிறதுக்கா?”

“கொளுத்திடறேன் மார்வா. இந்தக் குளிருக்குக் கண்டிப்பா.”

மறுநாள் முகட்டைத் தாண்டிக் கங்குகள் விழ ஆரம்பித்தன என்று வானொலியில் சொன்னார்கள். நான் எரிபொருள் நிரப்பப் போயிருந்தேன். அப்பா சரிவில் ஏறியிருக்கிறார். மெழுகுத்தாளுக்குக் கீழே நன்றாகக் காய்ந்திருந்த குவியல்களை ஒவ்வொன்றாகக் கலைத்து, கிளைகளை இழுத்து, மார்வாவின் வீட்டுக்கு அப்பால் ஓடைக் கற்களில் போட்டிருக்கிறார். ஒரு கங்கு விழுந்தால் அவள் வீடு போகும், அவளால் ஓட முடியாது, வண்டி வர ஒரே சாலை. முகக்கவசத்தைக் கழுத்தில் இறக்கிவிட்டிருந்தார். அதோடு மூச்சு இழுக்க முடிந்திருக்காது.

மார்வா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். புகையில் அவருடைய ஆரஞ்சு மேல்சட்டை போவதும் வருவதுமாக இருந்தது, பிறகு வரவில்லை. குழாய் எட்டும் தூரம்வரை வந்து, வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இறப்புச் சான்றிதழில் இதயம் என்று எழுதினார்கள். புகை என்று எழுதவில்லை.

அன்று மாலை காற்று திரும்பி, தீ முகட்டிலேயே நின்றது. அந்த வாரங்களை விலக்கும்படி மாவட்டம் விண்ணப்பித்திருக்கிறது. கிடைத்துவிடும்.

இப்போது நவம்பர். முதல் மழை பெய்துவிட்டது. அப்பா கலைத்தவை போக, மீதிக் குவியல்கள் மேலே அப்படியே இருக்கின்றன. சில தாள்கள் கிழிந்துவிட்டன. கொளுத்தும் கேனில் டீசலும் பெட்ரோலும் கலந்து நிரப்பி, பிக்கப் வண்டியின் பின்னால் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். வண்டி சாலையைப் பார்த்து நிற்கிறது. மார்வா தினமும் காலையில் என்னை அழைத்து, வேறு எதுவும் பேசாமல், “என்ன சொன்னாங்க?” என்று கேட்கிறாள்.

இன்றும் எரிக்கக் கூடாது என்றது பதிவுக் குரல்.