பத்திரத்தில் சேர்ந்த வரி

காரிமங்கலத்து வீட்டை அம்மா என் பேருக்கு எழுதித் தரச் சம்மதித்ததும், பத்திரம் எழுதுபவரிடம் அழைத்துப் போனேன். லீவு ஒரு நாள்தான் என்று அவசரப்படுத்தினேன்.

"கொஞ்சம் வெளிய இருங்க தம்பி. அம்மாவுக்குத் தனியாப் படிச்சுக் காட்டோணும்" என்றார் அவர். எரிச்சலோடு வாசலில் நின்றேன்.

உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கையெழுத்துப் போடறனுங்க. ஆனா, நான் சாவற வரைக்கும் அந்த வூட்லயே இருக்கலாமான்னு அவன்கிட்ட நீங்க கேளுங்களேன். நான் கேட்டா கோவிச்சுக்குவான்."

உள்ளே போனேன்.

"அம்மா இருக்கற வரைக்கும் வூடு அம்மாவுக்குத்தான்னு ஒரு வரி சேத்துருங்க."

"அப்பவே சேத்துட்டனுங்க" என்றார், நிமிராமலே.

வீடு இப்போது என் பேரில் இருக்கிறது. என்னிடம் கேட்கப் பயந்து அம்மா வெளியாளிடம் கேட்ட அந்தக் கேள்வி, ஒவ்வொரு முறை அதன் வாசலை மிதிக்கும்போதும் என் காதில் விழுகிறது.