ஐந்தாம் தெருவுக்கு வைத்த பெயர்

கொளஞ்சி கண்டக்டர் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கவே மாட்டார். உள்ளே வந்து மெஷினை ஒட்டி நிற்பார். எடுத்து முடித்ததும் மூடியைத் தூக்கச் சொல்லி, கண்ணாடிமேல் ஏதாவது தாள் தங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கறுப்படித்து வீணான தாள் இருந்தால் அதையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். "அது குப்பை சார், போட்டுட்டுப் போங்க" என்றால், "எங்க வூட்டுக் குப்பையில போட்டுக்கிறேன்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைத் திருடி என்றுதானே இந்த மனுஷன் சொல்லாமல் சொல்கிறார்?

அவர் பிறந்தது வாலிகண்டபுரம். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் போய்வரும் அரசு பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டர். "புள்ளைக்கு இன்னும் அஞ்சு முடியலைங்க" என்று ஒரு தாய் சொன்னால், அவளோடு வாதாட மாட்டாராம். குழந்தையிடம் குனிந்து, "பாப்பா எந்த கிளாஸ் படிக்கிற?" என்பாராம். அது பெருமையாக, "ரெண்டாங் கிளாஸ்" என்று சொல்லும். டிக்கெட் கிழியும். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேறு வேலை இல்லாமல் போனது. எங்கள் தெரு முழுக்க டிக்கெட் எடுக்காதவர்கள் ஆகிவிட்டோம்.

நாங்கள் இருப்பது பெரம்பலூருக்கு வெளியே, சுவாதி நகர். மக்காச்சோளக் கொல்லையை மனை போட்டவர் மகள் பெயரை நகருக்கு வைத்தார். முதல் தெரு மகன் அருள்முருகன், இரண்டாவது மனைவி சிவரஞ்சனி. மூன்றாவது ராஜராஜன் தெரு. கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் சீமையாயிற்றே என்று நாங்கள் ரொம்ப நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் அது அவர் மச்சினன். நான்காவது ஆண்டவர் தெரு. கடவுள் என்று நினைக்க வேண்டாம், பார்ட்னர். ஐந்தாவதான எங்கள் தெருவுக்கு வருவதற்குள் சொந்தக்காரர்கள் தீர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. வெறும் ஐந்தாம் தெரு என்று விட்டுவிட்டார். எதிர்வீட்டு மருதாயி அக்காவுக்கு மூச்சிரைத்த அன்று ஆம்புலன்ஸ் பக்கத்து நகரின் ஐந்தாம் தெருவில் போய் நின்றது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. நகராட்சியில் கேட்டோம். பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கி வாருங்கள், சாதிப் பெயர் கூடாது, உயிரோடு இருப்பவர் பெயர் கூடாது என்றார்கள்.

யார் பெயர் என்று யோசிக்கவே இல்லை. எல்லோர் வாயிலும் ஒரே ஆள்தான் வந்தது, கண்டக்டரம்மா.

கொளஞ்சி சாரின் மனைவி. உடையார்பாளையத்துப் பெண். அந்தம்மா பங்குக்கு வந்த முந்திரிக்காட்டை விற்றுத்தான் இங்கே மனை வாங்கினார்கள். அதனால் வீடும் அவர் பெயரில்தான் இருந்தது. நாங்கள் குடிவந்த காலத்தில் தெருவில் போட்ட போர்வெல்லெல்லாம் உப்பு, இல்லாவிட்டால் தண்ணீரே இல்லாத வெறும் புகை. நல்ல தண்ணீர் வந்தது கண்டக்டர் வீட்டு போரில் மட்டும். அவரோ மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார். அந்தம்மா கள்ளச்சாவி போட்டு வைத்திருந்தார். காலை பஸ் கிளம்பியதும் சுற்றுச்சுவர் மேலே ஹோஸ் பைப் வந்து விழும். "அவரு டூட்டிக்குப் போயிட்டாரு, சீக்கிரம் குடத்தக் கொண்டாங்கடி" என்பார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, நகராட்சிக் குழாய் வரும்வரை ஏழு வருஷம். கரண்டு பில்லைப் பார்த்துக் கண்டக்டர், மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று மனுமேல் மனு போட்டார். சோதிக்க வந்தவருக்கு மோர் கொடுத்துவிட்டு, "எனக்கும் சந்தேகமாத்தாங்க இருக்கு" என்று அந்தம்மா நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். பிள்ளை கிடையாது. கொரோனாவில் போய்ச்சேர்ந்தார். பந்தல் இல்லை, போஸ்டர் இல்லை, முகம்கூடப் பார்க்கவில்லை. அந்தம்மாவுக்கு இந்தத் தெரு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

மனு எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் பெயர் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. கண்டக்டரம்மா, அக்கா, அவ்வளவுதான். பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்திருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கண்டக்டரிடமே கேட்டுவிட முடிவு செய்தோம். ஆனால் காரணத்தைச் சொல்லப் பயம். தண்ணீர் விஷயம் தெரிந்தால் ஏழு வருஷத்துப் பில்லைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாரே. "நீயே கேளு ஜெயசுதா, ஏதாவது சாக்குச் சொல்லிக் கேட்டுடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அடுத்தமுறை ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது பேச்சோடு பேச்சாக, "சார், உங்க வீட்டம்மா பேரு என்னங்க?" என்றேன்.

சட்டைப்பைக்குப் போன கை அப்படியே நின்றது. "எதுக்கு?"

"வார்டுல லிஸ்ட் எடுக்குறாங்க. இறந்தவங்க பேரெல்லாம் வேணுமாம்."

"அவங்க வந்து கேக்காம உன்னைய ஏன் கேக்கச் சொன்னாங்க?"

"நாந்தான சார் எல்லாருக்கும் ஃபாரம் எழுதிக் குடுக்குறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புவனேஸ்வரி" என்றார். அன்றைக்கு வீணான தாளை இரண்டுமுறை எண்ணி எடுத்துக்கொண்டு போனார்.

இந்தத் தெருவில் வாழ்ந்து மறைந்த, ஊருக்குத் தண்ணீர் கொடுத்த புவனேஸ்வரி அம்மாள் நினைவாக என்று மனு எழுதினேன். இன்னார் மனைவி என்று எழுதவில்லை. எழுதினால் ஆபீஸிலிருந்து யாராவது அவரிடம் போய்க் கேட்டுவைப்பார்கள் என்று என் சாமர்த்தியம். அவர் வீடு தவிர மற்ற முப்பத்தொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். தீர்மானம் நிறைவேற ஐந்து மாசம் ஆனது.

அந்த ஐந்து மாசமும் மனுஷன் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவுக்குள் வரும் வண்டி நம்பரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினார். பட்டா இன்னும் செத்துப்போன மனைவி பெயரில். டவுனில் இறந்துபோன ஒருத்தியின் மனையை வேறொருத்தி கைநாட்டு வைத்து விற்றுவிட்டாளாம். நான் பெயர் கேட்டதை வைத்து, அதுபோல நாங்களும் ஒருத்தியைக் கூட்டிவந்து நிறுத்தப்போகிறோம் என்று அவர் கணக்கு. மாசாமாசம் பதிவு ஆபீஸுக்குப் போய் வில்லங்கச் சான்று எடுத்திருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்திருந்தால் நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனையில் பலகை நட்டோம். மேலே மஞ்சள் துணி. மருதாயி அக்கா போய் அவரைக் கூட்டிவந்தார். வீட்டைப் பூட்டி, பூட்டை நான்குமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"நீங்கதான் சார் துணிய எடுக்கணும்" என்றேன்.

"நான் எதுக்கு? கவுன்சிலரக் கூப்புடுங்க."

"நீங்க எடுத்தாத்தான் சரியா இருக்கும்."

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் முகத்தில் திருட்டுத்தனம் இருக்கிறது என்று தேடினார் போல. பிறகு துணியை இழுத்தார். புவனேஸ்வரி தெரு. பெண்கள் கைதட்டினார்கள்.

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தப் பேரு எதுக்கு?" என்றார்.

மருதாயி அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஏழு வருஷம் எங்களுக்குத் தண்ணி ஊத்துன மகராசிங்க. நீங்க பஸ்ஸுக்குப் போனதும் பைப்பத் தூக்கிப் போடும். அது இல்லன்னா நாங்க இந்தத் தெருவுல குடியிருந்திருக்க முடியாது. உங்களுக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவீங்கன்னு சொல்லல."

கண்டக்டர் பலகைக்குக் கீழே போட்டிருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டார். சிமெண்ட் இன்னும் காயவில்லை, வேட்டியெல்லாம் ஆனது.

"அவ பேரு சின்னம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்கதான சார் புவனேஸ்வரின்னு சொன்னீங்க?"

"உன் கடைக் காலண்டர்ல இருந்துச்சு. பாத்திரக்கடை."

"ஏன் சார் அப்புடிச் சொன்னீங்க?" கோபத்தில் கத்திவிட்டேன்.

"லிஸ்ட்டுன்னு நீ சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சுதும்மா. நானும் பொய் சொன்னேன்."

இருபத்தெட்டு வருஷம் பொய்யைக் கண்டுபிடித்த மனுஷன். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். கைதட்டிய பெண்கள் ஒவ்வொருத்தராக வீட்டுக்குள் போய்விட்டார்கள். எனக்கு அவர்மேல் வந்த கோபமெல்லாம் திரும்பி என்மேலேயே வந்து விழுந்தது. அந்தம்மா கையால் ஏழு வருஷம் தண்ணீர் பிடித்தேனே, "உன் பேரு என்னக்கா" என்று ஒருநாள் கேட்டிருக்கலாமே.

மறுவாரம் பெயரைத் திருத்தக் கேட்டு மனு எழுதினேன். கொளஞ்சி மனைவி சின்னம்மாள் என்று இந்தமுறை ஒழுங்காக எழுதினேன். பழையபடி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இறப்புச் சான்றையும் வைத்து அவரே கொண்டுபோனார். நான்குமுறை போனார். நான்காம் முறை திரும்பிவந்து என் கடையில் உட்கார்ந்தார்.

"என்ன சார் சொல்றாங்க?"

"ஊருக்குத் தண்ணி ஊத்துன புண்ணியவதி பேரைத் தூக்கிட்டு உங்க சம்சாரம் பேரை வைக்கப் பாக்குறீங்களான்னு கேக்குறான் அந்த கிளார்க்கு."

"தெருவே கையெழுத்துப் போட்டிருக்கே?"

"போனதடவையும் இதே தெருதான போட்டுச்சுங்குறான்." வெயிலில் நடந்துவந்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அவனச் சொல்லித் தப்பில்லம்மா. அவன் எடத்துல நான் இருந்தா, நானும் நம்பியிருக்க மாட்டேன்."