தம்பியின் காதுகுத்துக்கு இரண்டு கார்கள்

மலைமேல் கொட்டச்சேட்டில் அப்பாவுக்கு நாலு ஏக்கர் காப்பித் தோட்டமும் ஒரு பழைய காரும் இருந்தன. தோட்டத்தையாவது ஆட்களிடம் விடுவார், காரை விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நாலு டயரிலும் காற்றை அளப்பார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவார். ஆயில் குச்சியை உருவித் துடைத்துத் திரும்ப விட்டுப் பார்ப்பார். பிரேக் ஆயில் கோடு வரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் பலகாரத்துக்கே வருவார். "பெத்த புள்ளைக்குக் காய்ச்சல்னாக் கூட இப்பிடித் தொட்டுப் பாக்க மாட்டாருங்க" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

அம்மாவின் ஒரே தம்பியான மாமா அதே மலையில் வெள்ளக்கடை என்ற ஊரில் இருந்தார். அவரிடமும் அதே மாதிரிக் கார்தான். அதற்கு ஆண்டுக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று, கவனிப்பு நடக்கும். கழுவிச் சந்தனப் பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டால் அடுத்த ஆயுத பூஜை வரை கவலை கிடையாது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க மட்டும் அவரிடம் ஒரு வித்தை இருந்தது. மலை இறங்கும்போது நியூட்ரலில் போட்டு இன்ஜினையும் அணைத்துவிடுவார். "அடிவாரத்துக் குப்பனூர் வரைக்கும் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லீங்க மச்சான்!" என்பார். அப்பா, "கியர்லயே எறங்கு மாப்ள" என்பதோடு நிறுத்திக்கொள்வார். காற்றுக் குறைந்த டயரும் அடைத்துப்போன ஃபில்டருமாக அந்தக் கார் இறக்கத்தில் மிச்சம் பிடித்ததை ஏற்றத்தில் குடித்துக்கொண்டிருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மாமா சாமர்த்தியசாலி, அப்பா பயந்தாங்கொள்ளி என்பது என் முடிவு.

நான் நாலாவது படிக்கும்போது மூன்று வயதுத் தம்பிக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். குலதெய்வக் கோயில் கீழே அயோத்தியாப்பட்டணம் பக்கம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள் என்பதால் அன்றைக்கு மாமாதான் பெரிய மனிதர். சீர்த் தட்டுகளோடும் அத்தையோடும் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மாமா காரில்தான் வருவேன் என்று நான் அடம் பிடித்தேன். என்னைப் பார்த்துத் தம்பியும் பிடித்தான். பின் சீட்டில் அத்தை மடியில் அவன், பக்கத்தில் நான். அப்பாவும் அம்மாவும் எங்கள் காரில் பின்னால் வந்தார்கள்.

இறக்கம் தொடங்கியதும் மாமா வழக்கம்போல இன்ஜினை அணைத்தார். நாலைந்து வளைவு சுகமாகப் போனது. பிறகு தீய்ந்த வாடை வந்தது.

"ஏனுங்க, என்னமோ கருகுதுங்க" என்றாள் அத்தை.

மாமா பிரேக்கை மறுபடி மறுபடி மிதித்தார். இன்ஜின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக் பெடல் கல்லாகிவிடும். தேய்ந்த பிரேக் கட்டை சூடேறிவிட்டால் பிடிக்கவும் பிடிக்காது. சாவியைத் திருப்பினார், பேட்டரி முனையில் உப்புப் பூத்திருந்ததால் 'டிக்' என்றதோடு சரி. பதற்றத்தில் கிளட்சை மறந்து கியரைத் தள்ளினார். கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. கைப்பிரேக் தளர்ந்துபோய்ச் சும்மா மேலே வந்தது. இதெல்லாம் நான் காலேஜ் போன பிறகு மாமாவே சொல்லித் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கார் பறக்கிறது, அப்பா பின்தங்கிவிட்டார். பின் கண்ணாடி வழியாக அவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

எங்கள் சக்கரங்களிலிருந்து புகை வந்ததை அப்பா பார்த்திருக்கிறார். ஹாரனை அழுத்தியபடியே எங்களைத் தாண்டிப் போய் முன்னால் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தார். மாமாவின் கார் அவர் காரின் முதுகில் இடித்தது. விலகி மறுபடி இடித்தது. பிறகு ஒட்டிக்கொண்டது. இரண்டு கார்களும் ஒன்றாகத் தேய்ந்துகொண்டே போய், அடுத்த வளைவுக்கு முன்னால் மண் சரிவோரம் நின்றன. சீர்த் தட்டு வாழைப்பழமெல்லாம் என் காலடியில் கிடந்தது. அம்மா ஓடிவந்து கதவைத் திறந்து, "எறங்கு சாமி, எறங்கு கண்ணு" என்று எங்கள் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தோற்றுப்போகிற நேரத்தில் குறுக்கே வந்து மறித்த அப்பாவின் அழுகுணி ஆட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் பொருமினேன்.

மாமாவின் காருக்குச் சக்கரத்தில் கல் வைத்துவிட்டு எல்லோரும் எங்கள் காரில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். கோயிலில் இறங்கியதும் உறவுக்காரர்கள் காரின் நசுங்கிய பின்பக்கத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நான் முந்திக்கொண்டேன். "மாமாவ முந்தோணும்னு அப்பா குறுக்க வந்து பிரேக் போட்டுட்டாருங்க!"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா, "ஆமாங்க, நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"வாரா வாரம் காரத் தொடச்சு என்னய்யா புண்ணியம்? ஓட்டத் தெரியோணுமே!" என்றார் பெரியப்பா. கூட்டம் சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அம்மா என்னை முறைத்தாள். அப்பா அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பொங்கல் பானைப் பக்கம் போய்விட்டாள்.

தம்பியை மாமா மடியில் உட்கார வைத்தார்கள். மாமாவின் முழங்கால்கள் இரண்டும் உதறின. தம்பி மடியிலேயே குலுங்கினான். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டம் நிற்கட்டும் என்று காத்திருந்தார். இத்தனை பெரிய ஆள் ஓர் ஊசிக்குப் பயப்படுகிறாரே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அப்போது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மாமாவின் முழங்கால் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். ஆட்டம் நின்றது. ஆசாரி குத்தினார். இன்றைக்கு ஒரு நாளாவது மாமாவைத் தனியாகப் பெருமையோடு உட்கார விடக்கூடாதா, அதிலும் பங்குக்கு வந்துவிட்டாரே என்று அப்பா மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.