ஞாயிற்றுக்கிழமைக் கணினி

கணினிக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் பக்கத்தில் போய் நின்று, "கொஞ்சம் தள்ளுங்க" என்பார். வங்கியில் பணம் வாங்கும் பெண்ணாக இருக்கட்டும், மருத்துவமனையில் சீட்டு பதிகிறவராக இருக்கட்டும், திரை ஒரு நொடி அசையாமல் நின்றால் போதும், இவருக்குக் கை பரபரக்கும். அதனால் கடைத்தெருவில் அவருக்குத் 'தள்ளுங்க சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் கீழே இருக்கும் டயர் கடைக்காரர்கூட யோசித்துத்தான் சொல்வார்.

டயர் கடைக்கு மேலே மாடியில் அவர் கடை. சாதாரணப் பழுது பார்க்கவும் ஆட்கள் வருவார்கள், ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை வேறு. ஒரு பெரிய நிறுவனம், தான் செய்யும் கணினிகளில் மட்டுமே ஓட வேண்டும் என்று ஓர் இயங்குதளம் வைத்திருக்கிறது. அதை ஊர் பேர் தெரியாத கணினிகளில் ஓட வைப்பதுதான் இவர் பிழைப்பு. அதற்கென்றே ஒரு கருவி விலைக்குக் கிடைக்கிறது. கருவி என்றதும் சுத்தியல், குறடு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும் மென்பொருள். கணினி கண் விழிக்கும்போது முந்திக்கொண்டு எழுந்து, 'இது உங்கள் வீட்டுப் பிள்ளைதான்' என்று இயங்குதளத்தின் காதில் ஓதிவிடும். அதுவும் நம்பிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இதெல்லாம் கூடாது என்று எழுதியிருப்பதை யாராவது நினைவூட்டினால், "ஓடுதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அசல் கணினி வாங்க வசதியில்லாத புகைப்படக்காரர்கள், பாட்டுக்கு இசை கோர்க்கிறவர்கள், பக்கம் வடிவமைக்கிறவர்கள் எல்லாம் அந்த மாடிப்படி ஏறி வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே புத்திமதி. "புதுசா ஒண்ணு வந்திருக்கு, போடட்டுமான்னு கேக்கும். வேண்டாம்னு சொல்லிடுங்க. கெஞ்சினாலும் வேண்டாம்னு சொல்லுங்க." அப்படியும் மனது கேட்காமல் திரையின் ஓரத்தில் சிவப்புத் தாள் ஒட்டி அனுப்புவார்.

இந்தப் புத்திமதியெல்லாம் ஊருக்குத்தான். கருவியின் புதிய பதிப்பு வந்துவிட்டது என்று தெரிந்தால் இவருக்குச் சோறு இறங்காது. பழையது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஒரு குறையும் இருக்காது, இருந்தாலும் அதைக் கழற்றிப் புதியதைப் போட்டுப் பார்த்தால்தான் மனது அடங்கும். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை, 'இன்னும் சத்தம் குறையும்' என்று ஒருமுறை திறந்தார். அன்றிலிருந்து ஸ்க்ரூடிரைவரை மனைவி எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

அவருக்கு ஓர் அக்கா. நகரத்தின் மறுகோடியில், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறாள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், எறும்பு ஊர்ந்தது போல எழுத்து, அதை வடிவமைப்பதுதான் அவள் வேலை. எந்த வயதுக்கு எத்தனை சொட்டு, யார் சாப்பிடக் கூடாது என்பதையெல்லாம் நான்கு மொழிகளில் உள்ளங்கை அகலத்தில் அடுக்க வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும். அத்தான் பக்கவாதம் வந்து வேலையை விட்டபின் அந்தத் தாள்களில்தான் வீடு ஓடுகிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு அவளுக்கு ஒரு கணினியைத் தம்பியே பாகம் பாகமாக வாங்கிக் கோத்து, கருவியையும் போட்டு, கூடத்து மேசையில் வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைப் 'பார்க்க' வருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். சட்டைப் பையில் வெள்ளிக்கிழமை வந்திருந்த புதிய பதிப்பு. கடையில் மூன்று கணினிகளில் போட்டுப் பார்த்தாயிற்று, மூன்றும் வெண்ணெயாக ஓடுகின்றன.

"வேலையெல்லாம் எப்படிக்கா போகுது?" என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கணினியின் பின்பக்கம் குனிந்து விசிறியில் தூசு இருக்கிறதா என்று பார்த்தார்.

"குழந்தைங்க இருமல் மருந்து ஒண்ணு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அச்சுக்குப் போகணும். ஒரு தடவை சரிபாத்தா முடிஞ்சுது. போன தடவை ஒரு நாள் தாமதமானதுக்கே பாதி வேலையை வேற ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்க. இந்தத் தடவை தவறினா மீதியும் போயிடும்." அத்தானை நடக்கக் கூட்டிப் போவதற்காக அவர் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள் அவள். "டேய், அது நல்லாத்தான் ஓடுது. அதைத் தொடாத."

"சும்மா பாக்குறேன்க்கா."

கதவு சாத்தியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலில் உண்மையிலேயே சும்மாதான் பார்த்தார். பிறகு பதிப்பு எண்ணைப் பார்த்தார். ஒரு பதிப்பு பழசு. அவருக்கு அது பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. அக்கா திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும், வேலை நாற்பது நிமிடம். கோப்புகளை எல்லாம் ஒரு தனி வட்டில் நகல் எடுத்து வைத்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணினியின் முதுகில் செருகியிருந்த பென் டிரைவை உருவி, அதில் இருந்ததை அழித்து, அதிலேயே புதிய பதிப்பை எழுதினார். பழைய கருவி அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு பென் டிரைவில் மட்டும்தான், கடையில் இருந்ததை வெள்ளிக்கிழமையே அழித்தாயிற்று.

கணினியை முடுக்கினார். நிறுவனத்தின் சின்னம் வந்தது. கீழே வெள்ளைக் கோடு ஊர்ந்தது. முக்கால் தூரம் வந்து நின்றது.

நின்றது நின்றதுதான். அணைத்துவிட்டு மறுபடி முடுக்கினார். மறுபடியும் முக்கால் தூரம். கறுப்புத் திரையில் வரி வரியாக எழுத்து ஓடும்படி செய்து, கடைசி வரியைப் படித்தார். போன மாதம் ஓர் இசைக்காரரின் கணினி இதே வரியில் நின்று இரண்டு நாள் உயிரை வாங்கியது. சரி, பழையதையே போட்டுவிடலாம் என்று கைப்பேசியில் கருவி விற்பவர்களின் தளத்தைத் திறந்தார். புதியது வந்ததும் பழையதைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். எழுதிய கை எடுப்பதற்குள் பதில் வந்தது: 'உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று வேலை நாட்களில் தொடர்பு கொள்வோம்.'

அக்காவின் கோப்புகள் நகல் வட்டில் பத்திரமாக இருந்தன, இருமல் மருந்துத் தாளும் அதில்தான் இருக்கும் என்று நினைத்தார். இருந்து என்ன பயன்? அச்சகம் அக்காவுக்குக் கொடுத்திருக்கும் வடிவமைப்பு மென்பொருள் ஒரே ஒரு கணினியில்தான் திறக்கும். வேறொன்றுக்கு மாற்ற அச்சகத்தார் மனது வைக்க வேண்டும். மூன்று முறை அச்சகத்தைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்?

அக்காவும் அத்தானும் வந்தார்கள். கறுப்புத் திரையை அக்கா பார்த்தாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிடம் மதியம் தாண்டி நீண்டது. விசைப்பலகையை மாற்றினார், நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினார், எழுந்து ஜன்னல் வரை போய் வந்தார், மறுபடி உட்கார்ந்தார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "இதோ" என்றார். தட்டை மேசைக்கே கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. அவருக்கு எரிச்சலாக வந்தது, தன் மேல் அல்ல, அவள் மேல். நாளைக்குப் பிழைப்பே போகப்போகிறது, இவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாளே! இதன் ஆழம் அவளுக்குப் புரியவில்லை, புரிந்தால் இப்படி இருப்பாளா என்று நினைத்தார். அவளுக்குப் புரியும்முன் சரி செய்துவிட வேண்டும் என்று கை இன்னும் வேகமாக ஓடியது. வேகத்தில் தப்பு மேல் தப்பாக அடித்தது. முன்பு முக்கால் தூரம் வந்த கோடு இப்போது பாதியிலேயே நின்றது.

நான்கு மணிக்குக் கையை எடுத்துவிட்டார்.

"அக்கா, நான் கெடுத்துட்டேன். இது இன்னைக்கு எழுந்திருக்காது. உன் வேலை... நாளைக்கு அச்சகத்துக்கு நானே வந்து சொல்றேன். என் தப்புன்னு சொல்றேன். கால்ல வேணாலும் விழறேன்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எந்த வேலைடா?"

"இருமல் மருந்து."

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் ஒரு பக்கம் கோணிய வாயோடு சிரித்தார். "சொல்லிடு. பாவம், காலையிலேருந்து தவிக்கிறான்."

அவள் உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. போர்வைகளுக்கு அடியிலிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். அந்த நிறுவனம் தானே செய்த அசல் கணினி. திரையில் இருமல் மருந்துத் தாள் நான்கு மொழிகளிலும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

அவர் எழுந்து கிட்டே வந்தார். "எப்ப வாங்கின?"

"பதினோரு மாசம் ஆகுது."

"ஞாயித்துக்கிழமை ஆனா, நீ வர்றதுக்கு முன்னாடி அது அலமாரிக்குள்ள போயிடும்" என்றார் அத்தான்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிடா சொல்றது? நீ கைப்பட செஞ்சு கொடுத்தது." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ஆனா நீ வந்துட்டுப் போனா திங்கட்கிழமை காலையில அதோட பட்டனை அமுக்கறதுக்கு எனக்குக் கை நடுங்கும். இவருக்கு மருந்து வாங்கணும், வாடகை கொடுக்கணும். எத்தனை திங்கட்கிழமைதான் நடுங்குறது?"

"அப்ப இதை எதுக்கு இங்கயே வச்சிருக்க?"

அவள் மடிக்கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தான்தான் சொன்னார். "இது இல்லன்னா நீ எங்க இந்தப் பக்கம் வரப்போற, மச்சான்?"

அக்காவின் வேலை பிழைத்தது என்ற நிம்மதி முதலில் வந்தது. அது பொய்யில்லை, கண்ணே கலங்கிவிட்டது. அதன் பின்னால் அவமானம் வந்தது. பதினோரு மாதம், வாராவாரம், ஓர் ஆளை உட்கார வைத்து விளையாட்டுச் சாமான் கொடுத்தது போல. கோபத்தில் கேட்டார், "வாரா வாரம் பாக்குறேனே, எனக்கு எப்படிக்கா தெரியாமப் போச்சு?"

"நீ மெஷினைப் பாத்த. அந்த மென்பொருளை இதுக்கு மாத்தி பதினோரு மாசம் ஆச்சு, நீ செஞ்ச மெஷின்ல அது திறக்கவே திறக்காது. நான் என்ன செய்யுறேன்னு ஒரு நாளாவது திறந்து பாத்திருந்தா அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் கூடத்துக் கணினியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கணினியில் எந்த விசிறி, எந்த வட்டு, எந்த மாதம் எதை மாற்றினார் என்பதெல்லாம் தலைகீழாகச் சொல்வார். அதில் அக்கா செய்த ஒரு தாளைக்கூட அவர் படித்ததில்லை. 'எப்படிப் போகுது?', 'வேகமா இருக்கா?' என்பவற்றைத் தவிர அந்த வேலையைப் பற்றி இந்த மூன்று வருடங்களில் வேறொன்றும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. வெட்கமாக இருந்தது.

அக்கா அதற்குமேல் கடிந்துகொள்ளவில்லை. மருத்துவர் கையெழுத்திட்ட மூலத் தாளை அவர் முன் வைத்தாள். "உக்காரு. நான் திரையைப் பாத்துப் படிக்கிறேன். இதுல அப்படியே இருக்கான்னு நீ பாரு. இவருக்குக் கண்ணு இப்பல்லாம் சரியாத் தெரியல."

உட்கார்ந்தார். அவள் படிக்கத் தொடங்கினாள். வயது, எடை, வேளைக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை. அவர் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது வரியில் மனது கூடத்துக்கு ஓடிவிட்டது, அந்தக் கறுப்புத் திரையின் கடைசி வரிக்கு. ஒலிக்கான மென்பொருளை மட்டும் நீக்கிப் பார்த்தால் என்ன? பாதி எழுந்தும்விட்டார்.

"ரெண்டு வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாது. இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்கு" என்று சொல்ல வாய் திறந்தவர் நிறுத்தினார். தாளைப் பார்த்தார். விரல் எந்த வரியில் இருக்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"கவனிக்கலக்கா" என்றார். "முதல்லேருந்து படி."

அக்கா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மருந்தின் பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.